பகலுக்குத் திரும்பிய பல்லி

(கீழப்பழுவூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆலமரத்தைத் தலமரமாகக் கொண்ட ஊர் இந்தப் பழுவூர். இவ்வூர்க் கோயிலின் ஆலந்துறைநாதரைச் சம்பந்தர் பாடிய நாளிலும் இங்கே ஆல் இருந்திருக்கும். அந்த ஆலின் பட்டை இடுக்கில் பல்லியும் இருந்திருக்கும். மரத்தைப் பற்றிப் பேசியவர்கள் நிறையப் பேர். மரத்தில் குடியிருக்கும் பல்லியைப் பற்றி இன்றைக்கு நான் பேசப்போகிறேன்.

பல்லி நமக்கு என்ன சொல்கிறது என்று கேட்பதில் தமிழர்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. பொருள் தேடிப் போன தலைவன் திரும்பி வருவானா என்று பல்லியின் குரலை நிமித்தமாகக் கேட்கும் காட்சிகள் சங்கப் பாடல்களிலேயே இருக்கின்றன. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கக் கூட்டம் நிற்கிறது. பல்லி விழும் பலன் இல்லாத பஞ்சாங்கம் விற்காது. நல்லது. அந்த நம்பிக்கைகளைப் பற்றி இன்று நான் வழக்காட வரவில்லை. இத்தனை காலம் நம் செய்தியைப் பல்லியிடம் கேட்டோமே, ஒரு மாலைப் பொழுதாவது பல்லியின் செய்தியைப் பல்லியிடமே கேட்போம் என்பதுதான் என் விண்ணப்பம்.

பல்லி என்றதும் நமக்குத் தோன்றுவது டியூப்லைட் ஓரத்தில் பூச்சி பிடிக்கும், வெளிறிய, கண்ணாடித் தோல் பிராணி. இரவில் வெளியே வரும், பகலில் படத்துக்குப் பின்னால் ஒளியும். உலகத்தில் பல்லி இனங்களில் பெரும்பகுதி இப்படித்தான். ஆனால் நம் நாட்டு எல்லைக்குள்ளேயே, சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் தொலைவில், முற்றிய வெயிலில் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் பச்சைப் பல்லி ஒன்று இருக்கிறது. கிளிப்பச்சை உடல். முதுகில் சிவப்புப் புள்ளிகளும் கோடுகளும். ஆணுக்கு வால் நீலமாக இறங்கும். மூக்கிலிருந்து வால் நுனி வரை அளந்தால் ஒரு சாணுக்குள் அடங்கும். அந்தமான் பகல் பல்லி என்று அதற்குப் பெயர். அறிவியலில் ஃபெல்சுமா அந்தமானென்சிஸ்.

அந்தமானுக்குப் போய் வந்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். அங்கே தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. வீட்டுத் தோட்டத்துப் பாக்கு மரத்திலும், வாழையிலும், தென்னை மட்டையின் அடியிலும், சில சமயம் சமையலறைச் சன்னலிலும் இதைப் பார்த்திருப்பார்கள். அந்தமான் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையில் இல்லை. பக்கத்தில் இருக்கும் நிக்கோபாரிலும் இல்லை. 1858இல் போர்ட் பிளேரில் ஆங்கிலேயர் கைதிக் குடியேற்றம் அமைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அங்கிருந்து உயிரினங்கள் கல்கத்தாவுக்குப் போய்ச் சேரத் தொடங்கின. அங்கே ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பிளித் 1861இல் இந்தப் பல்லிக்கு அறிவியல் விவரிப்பு எழுதினார்.

இதில் வியப்பு எங்கே இருக்கிறது என்றால், இதன் உறவினர்கள் இருக்கும் இடத்தில். ஃபெல்சுமா என்ற இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ ஐம்பது இனங்கள் இருக்கின்றன. மடகாஸ்கர், கொமொரோஸ், சேஷெல்ஸ், மொரீஷியஸ், ரீயூனியன் என்று எல்லாமே இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம். கிழக்கே வங்காள விரிகுடாவுக்குள் தனியாக ஒன்றே ஒன்று இருக்கிறது, அது அந்தமானில். நடுவே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். இந்தியத் துணைக்கண்டத்திலோ இலங்கையிலோ ஃபெல்சுமா ஒன்றுகூட இல்லை.

கடல் கடந்த பயணம் நமக்கும் புதிதல்ல. இந்த அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக ஆக்கிய ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருவதை நிக்கோபார் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பு அது. கப்பலும் மாலுமியும் நட்சத்திர அறிவும் காற்றுக் கணக்கும் வேண்டியிருந்த பயணம். பல்லி அதைவிட மிக நீண்ட தூரத்தை, மனிதன் பிறப்பதற்கு முன்பே, எந்தத் துணையும் இல்லாமல் கடந்திருக்கிறது. புயலில் வேரோடு சாய்ந்து கடலில் மிதந்த மரத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அல்லது அந்த மரத்தின் பொந்தில் முட்டையாக வந்திருக்க வேண்டும். பல்லி முட்டையின் ஓடு ஓணான் முட்டை போல மெத்தென்று இருக்காது, சுண்ணாம்பால் இறுகியது. வறட்சியைத் தாங்கும். தின்னப் பூச்சியும் நக்கப் பனித்துளியும் கிடைத்தால் பல்லி பல வாரம் உயிரோடு இருக்கும். கோடிக்கணக்கான மரங்கள் கடலில் விழுந்திருக்கும். அவற்றில் ஒன்று சரியான நீரோட்டத்தில் மாட்டிக்கொண்டால் போதும். தீவுகளில் பல்லிகள் பரவியதற்கு உயிரியலாளர்கள் இந்த விளக்கத்தைத்தான் தருகிறார்கள்.

இப்போது இதன் கண்ணுக்கு வருவோம். இந்தப் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் கண்ணின் பின்சுவரில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. மங்கிய ஒளியில் வேலை செய்பவை கோல் செல்கள். வெளிச்சத்தில் நிறம் காண்பவை கூம்பு செல்கள். பல்லிகளின் மிகப் பழைய முன்னோர்கள் பகலில் திரிந்தவை. அவற்றுக்குக் கோல் செல் தேவைப்படவில்லை, காலப்போக்கில் அதை இழந்துவிட்டன. பிறகு அந்த வம்சம் இரவுக்கு மாறியது. இரவில் பார்க்க வேண்டும், கோல் செல்லோ கையில் இல்லை. இருந்த கூம்பு செல்லே நீண்டு, பருத்து, கோல் செல்லின் வேலையைச் செய்யத் தொடங்கியது. கண்ணின் உட்சுவரை ஆராய்ந்த கோர்டன் வால்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலேயே இந்த உருமாற்றத்தை முன்வைத்தார். அதற்கு ஒரு பெரிய பலன் கிடைத்தது. கூம்பு செல்லின் வழியில் வந்ததால், இரவுப் பல்லிக்கு இருட்டிலும் நிறம் தெரிகிறது. லினா ரோத், ஆல்முட் கெல்பர் என்ற, சுவீடனில் பணியாற்றிய இரு ஆய்வாளர்கள் 2004இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். நமக்கு எல்லாம் சாம்பலாகத் தெரியும் மங்கிய நிலா வெளிச்சத்தில் அவர்கள் வளர்த்த பல்லி நீலத்தையும் சாம்பல் நிறத்தையும் பிரித்தறிந்தது. நம் நிறப் பார்வையைவிட அதன் கண்ணுக்குச் சுமார் 350 மடங்கு அதிக ஒளியுணர்வு உண்டு என்று கணக்கிட்டார்கள். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லிக்கும் இதே வகைக் கண்தான்.

அந்த இரவு வம்சத்திலிருந்து சில கிளைகள் மறுபடியும் பகலுக்கு வந்தன. ஃபெல்சுமா அவற்றில் ஒன்று. இரவுப் பல்லியின் கண்மணி வெளிச்சத்தில் நெட்டுக்குத்தாகச் சுருங்கிக் கோடாகிவிடும். இதற்கோ நம் கண்மணி போல வட்டம். இரவு வம்சம் இழந்திருந்த, கூர்ந்து பார்ப்பதற்கான குழி ஒன்று விழித்திரையில் இதற்கு மறுபடி உருவாகியிருக்கிறது. இமை மட்டும் திரும்பி வரவில்லை. மற்றப் பல்லிகளைப் போலவே இதுவும் நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. வாழ்க்கையை மாற்றிக்கொண்ட ஓர் உயிர், பழைய காலத்தின் தடயத்தையும் புதிய காலத்தின் தேவையையும் ஒரே கண்ணில் சுமக்கிறது. பல கோடி ஆண்டு வரலாறு அந்தச் சிறு உருண்டைக்குள் இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

பகலுக்கு வந்ததும் நிறத்துக்கு வேலை வந்தது. நீங்கள் காணும் அந்தப் பச்சைக்கு இதன் தோலில் பச்சைச் சாயம் கிடையாது. மேலடுக்கில் மஞ்சள் நிறமி உள்ள செல்கள். அவற்றின் கீழே, குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக நிரம்பிய செல்கள். அந்தப் படிக அடுக்கு ஒளியில் நீலப் பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. நீலம் மஞ்சளின் வழியாக வெளியேறும்போது நம் கண்ணுக்குப் பச்சை. வாலில் மஞ்சள் அடுக்கு மெலிந்துவிட்டால் நீலம் அப்படியே தெரியும். சிவப்புப் புள்ளி இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்பு நிறமிச் செல்கள் துல்லியமாக வந்து உட்காருகின்றன. அவற்றின் அடியில் உள்ள படிகங்களும் சிவப்புக்குப் பொருந்தும் விதமாக அமைகின்றன. ஜெனீவாவில் ஒரு குழு 2013இல் மடகாஸ்கர் பகல் பல்லிகளின் தோலை ஆராய்ந்து இதை வெளியிட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்பு நிறமிச் செல் இருக்கிறது. பயந்தாலும், குளிர்ந்தாலும், நோயுற்றாலும் கறுப்பு பரவிப் பச்சை மங்கிப்போகும். கூண்டில் அடைபட்ட பகல் பல்லி அழுக்குப் பச்சையாகத் தெரிவதற்கு இதுவும் காரணம்.

யாருக்காக இந்த நிறம்? இலைகளின் நடுவே பச்சை ஒளிந்துகொள்ள உதவும் என்பது சரி. சிவப்பும் நீலமும் ஒளிவதற்கு அல்ல, இன்னொரு பல்லியின் கண்ணில் படுவதற்கு. ஒரு மரத்தை ஓர் ஆண் தன் எல்லையாக வைத்துக்கொள்ளும். வேறோர் ஆண் வந்தால் பக்கவாட்டில் திரும்பி உடலைத் தட்டையாக்கிக் காட்டும், தலையை ஆட்டும், வாலை மெல்ல அசைக்கும். அதற்கும் போகாவிட்டால் கடி. இதன் தோல் மிக மெல்லியது. பிடிபட்டால் தோலையே விட்டுவிட்டு ஓடும், கொஞ்ச நாளில் புதுத்தோல் வந்துவிடும். வால் அறுந்து துடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள், அதைச் சொல்லி நேரத்தைப் போக்கவில்லை.

கால் விரல்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். பல்லி எப்படிச் சுவரில் ஒட்டுகிறது என்று பிள்ளைகள் எல்லோரும் கேட்பார்கள். பசை கிடையாது, உறிஞ்சுவதும் கிடையாது. விரலின் அடியில் இருக்கும் மடிப்புகளில் மிக நுண்ணிய முடிகள் உள்ளன. டோக்கே என்ற பெரிய பல்லியில் ஒரு பாதத்துக்குச் சுமார் 5 லட்சம். ஒவ்வொரு முடியின் முனையும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து, பரப்பை அணுவளவு நெருக்கத்தில் தொடுகிறது. அவ்வளவு நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையே இயல்பாக உள்ள ஈர்ப்பே ஒட்டுவதற்குப் போதும். கெல்லர் ஆட்டம் என்பவரின் குழு 2000, 2002 ஆண்டுகளில் இதை அளந்து நிறுவியது. ஒட்டுவதைவிட விடுவிப்பதுதான் எனக்கு அதிசயம். ஸ்டிக்கர் பொட்டை ஓரத்திலிருந்து உரிப்பது போல, பல்லி விரல் நுனியை மேல்பக்கமாகச் சுருட்டி ஒவ்வோர் அடிக்கும் உரித்து எடுக்கிறது. ஓடும்போது ஒரு நொடியில் பல முறை.

இந்த விரல் எவ்வளவு பழையது தெரியுமா? மியான்மர் நாட்டில் கிடைத்த அம்பர் என்னும் கெட்டிப்பட்ட மரப்பிசின் துண்டு ஒன்றில் ஒரு பல்லியின் கால் அப்படியே சிக்கியிருந்தது. வயது சுமார் 10 கோடி ஆண்டு. 2008இல் அதை விவரித்த ஆர்னால்ட், பாய்னர் என்ற இருவரும், இன்றைய பல்லிக்கு உள்ளது போன்ற ஒட்டும் மடிப்புகள் அதன் விரலில் ஏற்கெனவே இருந்ததைக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் உங்கள் அரியலூர்ப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நீங்கள் எடுக்கும் நத்தைச் சுருள் போன்ற அம்மோனைட்டுகள் அந்தக் கடலில் நீந்தியவை. வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இங்கே கடலில் அம்மோனைட் வாழ்ந்த காலத்தில், கிழக்கே ஒரு காட்டில் பல்லி மரம் ஏறிக்கொண்டிருந்தது. அம்மோனைட் வம்சம் அற்றுப்போயிற்று, பல்லி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

சுண்ணாம்பு என்று சொன்னதும் இன்னொன்று. முட்டையிடும் பருவத்தில் பெண் பகல் பல்லியின் கழுத்தின் இரு பக்கமும் சிறு வீக்கம் தெரியும். நோய் என்று நினைக்க வேண்டாம். முட்டை ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்பை அது கழுத்துப் பைகளில் சேமித்து வைத்திருக்கிறது. ஒரு தடவைக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டை. பட்டை இடுக்கு, மட்டையின் அடி, பொந்து, இவைதான் இடம். சில இனங்களில் முட்டை இருக்கும் இடத்தின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. அடை காப்பது கிடையாது. தாய் தேர்ந்தெடுக்கும் பொந்துதான் குஞ்சுக்கு எல்லாமும். ஆகவே பொந்தோ இடுக்கோ உள்ள மரம் இல்லாத தோப்பில், உணவு எவ்வளவு இருந்தாலும் மரத்தில் வாழும் பல்லி பெருகாது.

உணவு என்றேன். பல்லி பூச்சி தின்னும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஃபெல்சுமாப் பல்லிகள் பூச்சியோடு தேனையும் மகரந்தத்தையும் கனிந்த பழச்சாற்றையும் நக்கித் தின்கின்றன. தேன் குடிக்கும் உயிர் பூவுக்குப் பூ போகும். போகும்போது மகரந்தத்தைச் சுமக்கும். மொரீஷியஸ் தீவில் இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேளுங்கள். தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விடும் அளவுக்குத் தமிழர் வாழும் தீவு அது. அங்கே மலைப்பகுதியில் ட்ரோக்கீஷியா என்ற அரிய செடி இருக்கிறது. அதன் பூவில் நிறமுள்ள தேன் சுரக்கும். பூந்தேன் நிறமாக இருப்பதே உலகில் அரிது. டென்னிஸ் ஹேன்சன் என்ற ஆய்வாளரும் தோழர்களும் செயற்கைப் பூக்களில் நிறமுள்ள தேனையும் நிறமற்ற தேனையும் வைத்துப் பார்த்தார்கள். பகல் பல்லிகள் நிறமுள்ளதைத் தேடிப் போயின. இருட்டை விட்டு வந்த கண்ணுக்கு ஒரு செடி கொடுத்த பதில் இது என்று சொல்லத் தோன்றுகிறது.

அதே குழு கண்ட இன்னொரு செய்தி அதைவிட அழகானது. அந்தச் செடிகளில் சில நிறையக் காய்த்தன, சில காய்க்கவில்லை. காரணம் தேடிப் போனால், தாழம்புதருக்குப் பக்கத்தில் நின்றவை நன்றாகக் காய்த்திருந்தன. நம் தாழையின் உறவுக்காரத் தாழை. அதன் முள் இலைகளின் அடுக்கில் நீலவால் பகல் பல்லிகள் பருந்துக்கும் எதிரிக்கும் பயப்படாமல் குடியிருந்தன. தேன் குடிக்க அவை தூரம் போகவில்லை. பக்கத்தில் இருந்த பூக்களுக்கே போயின. அதனால் அந்தப் பூக்கள் காயாயின. தாழைக்கும் அந்தச் செடிக்கும் நேரடியாக எந்தத் தொடர்பும் கிடையாது. பல்லி என்ற இணைப்பு தெரிந்திராவிட்டால், தாழையை வெட்டினால் செடி ஏன் காய்ப்பதில்லை என்று யாருக்குமே விளங்கியிருக்காது.

இதற்கு மறுபக்கமும் அந்தத் தீவிலேயே உண்டு. ரூசியா என்ற கொடியின் மகரந்தத்தைப் பரப்புவதும் விதையைப் பரப்புவதும் அதே நீலவால் பல்லிதான். வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஓர் எறும்பு இனம், மாவுப்பூச்சியை மேய்ப்பதற்காக அந்தப் பூக்களில் குடியேறியது. எறும்பு ஏறிய பூவைப் பல்லி தொடுவதில்லை. கொடி காய்ப்பது விழுந்துவிட்டது. மடகாஸ்கரிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பெரிய பகல் பல்லி ஒன்று இப்போது மொரீஷியஸின் சிறிய பல்லிகளைத் தின்கிறது. அதே தீவுக் கூட்டத்து ரோட்ரிக்ஸ் தீவில் இருந்த பகல் பல்லி இனங்கள் முற்றாக அழிந்துவிட்டன. அவற்றில் ஒன்றை 1917க்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை.

அந்தமானுக்கு அந்தக் கதி வரக்கூடாது. பச்சைப் பல்லி அழகு. அழகாக இருப்பதற்கு விலை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஃபெல்சுமா முழுவதையும் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை தன் இரண்டாம் பட்டியலில் வைத்திருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அந்தப் பட்டியலை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அயல்நாட்டுப் பல்லிகளையும் பாம்புகளையும் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவருவோர் சென்னை விமான நிலையத்தில் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறார்கள். வாங்க ஆள் இருப்பதால்தான் கொண்டுவருகிறார்கள்.

டோக்கே பல்லியின் கதை இன்னும் கொடுமை. நீலச்சாம்பல் உடலில் செம்மஞ்சள் புள்ளிகள் கொண்ட, ஓர் அடி வரை வளரும் அந்தப் பல்லி நம் வடகிழக்கு மாநிலங்களில் மரத்திலும் வீட்டிலும் வாழ்கிறது. எய்ட்ஸ் நோய்க்கு அது மருந்து என்று பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு புரளி கிளம்பியது. லட்சக்கணக்கில் விலை போகும் என்று பேசினார்கள். எந்த ஆதாரமும் இல்லை. 2011இல் பிலிப்பைன்ஸ் அரசே மக்களை எச்சரித்தது. அதற்குள் காடு காடாகப் பிடித்துவிட்டார்கள். 2019இல் சைட்டிஸ் அதையும் பட்டியலில் சேர்த்தது. இது எங்கோ நடந்தது என்று எண்ணாதீர்கள். நம் பக்கத்தில் மண்ணுளிப் பாம்பை இரண்டு தலைப் பாம்பு என்று சொல்லி, கோடி ரூபாய் என்று ஆசைகாட்டி ஏமாற்றுவதும் அதே மோசடிதான். அப்படிப் பேசிக்கொண்டு யாராவது உங்கள் தெருவுக்கு வந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

நிறமுள்ள பல்லியைப் பார்க்க அந்தமான் வரை போக வேண்டுமா என்று பின்வரிசையில் ஒரு பிள்ளை முகத்தில் கேள்வி தெரிகிறது. வேண்டாம். விருதுநகர் மாவட்டம் சதுரகிரி அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள், ஒரு குட்டிப் பல்லி இருக்கிறது. ஆணுக்குத் தலையும் முன்னுடலும் மஞ்சள், முதுகில் வெளிர்நீலப் புள்ளிகள். இஷான் அகர்வால், அக்ஷய் காண்டேகர், தேஜஸ் தாக்கரே ஆகியோர் 2024இல் அதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தபோது, வான்கா என்ற டச்சு ஓவியரின் விண்மீன் இரவு ஓவியம் நினைவுக்கு வந்ததால் அவர் பெயரையே வைத்தார்கள். கூடவே கண்ட இன்னொரு இனத்துக்குச் சதுரகிரியின் பெயர். பெரும்பாலும் பாறையில், எப்போதாவது மரத்திலும் கட்டடத்திலும் தென்படுகின்றன. காலையிலும் மாலையிலும் வெயில் தணிந்த நேரத்தில் வெளியே வருகின்றன. பகலுக்குத் திரும்பிய வேறொரு கிளை இது. ஆடி அமாவாசைக்கு அந்த மலை ஏறும் ஆயிரமாயிரம் பேர் தாண்டிப்போன பாறைகளில்தான் இவை இருந்தன. 2024 வரை இவற்றுக்குப் பெயர் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரப்பல்லிகளான டிராவிடோகெக்கோவிலும் அப்படித்தான். ஒரே இனம் என்று நூறாண்டுக்கு மேல் எண்ணியிருந்தார்கள். 2019இல் ஆறு புதிய இனங்களை ஒரே கட்டுரையில் விவரித்தார்கள்.

சரி, பழுவூருக்கு வருகிறேன். உங்கள் ஊர்ப் புளியமரத்திலும் ஆலமரத்திலும் வேம்பிலும் ஒரு பெரிய பல்லி இருக்கிறது. வீட்டுப் பல்லியைவிடத் தடித்தது. சாம்பல் உடலில் அலை அலையாகக் கரும்பட்டைகள். பகலில் மரப்பட்டையோடு ஒட்டிக் கிடந்தால் ஒரு முழம் தள்ளி நின்றும் கண்ணில் படாது. நாம் மரப்பல்லி என்கிறோம். அறிவியல் பெயரில் லெஷெனோ என்ற பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். 1816இல் புதுச்சேரிக்கு வந்து தாவரத் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உயிரினங்களைச் சேகரித்துப் பாரிசுக்கு அனுப்பியவர். அவர் நினைவாக 1836இல் இதற்குப் பெயர் வைத்தார்கள். பச்சை இல்லை, சிவப்பு இல்லை. ஆனால் இருளில் நிறம் காணும் அந்தக் கண்ணும், பத்துக் கோடி ஆண்டுப் பழமையுள்ள அந்த விரலும் இதனிடமும் அப்படியே இருக்கின்றன. கரப்பான், விட்டில், கறையான் ஈசல் எல்லாம் இதற்கு இரை. தன்னைவிடச் சிறிய பல்லியையும் பிடித்துத் தின்னும்.

இதைக் கண்டதும் விஷப்பல்லி என்று அடித்துவிடுகிறார்கள். தாய்மார்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் எந்தப் பல்லிக்கும் விஷம் கிடையாது. வீட்டுப் பல்லிக்கும் கிடையாது, மரப்பல்லிக்கும் கிடையாது. பல்லி விழுந்த சோற்றைக் கொட்டிவிடுவது சரிதான்; அதன் உடலிலும் எச்சத்திலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம், அது சுத்தம் பற்றிய விஷயம். அதற்காக மரத்தில் தன் வேலையைப் பார்க்கும் பிராணியைக் கல்லால் அடிக்க ஒரு காரணமும் இல்லை.

பக்கத்துக் கரைவெட்டி ஏரிக்கு 2024இல் ராம்சார் ஈரநிலம் என்ற பன்னாட்டுப் பெருமை கிடைத்தது. பறவைகளுக்காக அந்த ஏரியை நாம் காக்கிறோம். மரப்பல்லிக்கு அப்படி ஒரு பெரிய ஏற்பாடு தேவையில்லை, ஒரு முதிய மரம் போதும். சிமென்ட் லாரிகள் ஓடும் நம் சாலைகளை அகலப்படுத்தும்போது முதலில் விழுவது அந்த முதிய மரம்தான். அதற்குப் பதிலாகப் பத்துக் கன்று நடுகிறோம் என்கிறார்கள். நடட்டும், நல்லதுதான். ஆனால் கன்றில் பொந்து கிடையாது, வெடித்த பட்டை கிடையாது. அவை வர நாற்பது ஐம்பது ஆண்டு ஆகும். அதுவரை அந்தப் பல்லியும் ஆந்தையும் அணிலும் எங்கே போகும்?

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு ஒரு டார்ச்சோடு உங்கள் தெருவின் மிக வயதான மரத்தடிக்குப் போங்கள். காலடியில் பாம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஆளுயரத்தில் பட்டையின் மேல் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பொறுமையாகத் தேடுங்கள். தொட வேண்டாம், பிடிக்க வேண்டாம். எந்த மரம், எத்தனை மணி, எத்தனை பல்லி, என்ன செய்துகொண்டிருந்தது என்று நோட்டில் எழுதி வையுங்கள். ஓராண்டு விடாமல் எழுதினால், பழுவூர் மரப்பல்லியைப் பற்றி உலகத்தில் யாருக்கும் தெரியாத செய்திகள் உங்கள் நோட்டில் இருக்கும்.

பெரியவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மரத்தை வெட்டியே ஆக வேண்டும் என்ற பேச்சு ஊராட்சியில் வரும்போது, அந்த மரத்தில் பொந்து இருக்கிறதா, யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை கேளுங்கள். பட்டுப்போன கிளையாக இருந்தாலும், யார் தலையிலும் விழாத இடத்தில் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.